திரை பிடித்து வந்த சிலந்தி

எங்கள் வீட்டு நடையில் ரொம்ப நாள் ஒரு காலண்டர் தொங்கியது. மளிகைக்கடையில் கொடுத்தது, சிவகாசி அச்சு. அதிலிருந்த முருகனுக்கு உதடு இரண்டு. கறுப்புக் கோட்டில் ஒரு உதடு. ஒரு நூல் வலப்பக்கம் தள்ளிச் சிவப்பில் இன்னொன்று. மயிலின் நீலம் மயிலோடு சண்டை போட்டுக்கொண்டு தனியே நிற்கும். நான்கு நிறங்களை ஒன்றின்மேல் ஒன்றாக ஓட்டும்போது தாள் துளி நகர்ந்தாலும் இப்படித்தான் ஆகும். கழிவென்று தள்ளவேண்டிய தாளை எங்கள் தலையில் கட்டிவிட்டார்கள் என்று அம்மா வருஷம் முழுக்கப் புலம்பினாள். எனக்கு அந்த முருகனைத்தான் பிடிக்கும். உற்றுப் பார்த்தால் அசைகிற மாதிரி இருப்பார்.

2023 ஜூனில் பாண்டியில் ஒரு தியேட்டரில் உட்கார்ந்திருந்தபோது அந்தக் காலண்டர் நினைவுக்கு வந்தது. படம் ‘ஸ்பைடர்-மேன்: அக்ராஸ் தி ஸ்பைடர்-வெர்ஸ்’, தமிழ் பேசிக்கொண்டிருந்தது. பக்கத்தில் அக்கா மகன், ஏழாம் வகுப்பு. ஐந்தாவது நிமிஷம் என் முழங்கையை இடித்தான்.

“மாமா, கண்ணாடி குடுக்க மறந்துட்டாங்களா?”

3டி படத்தைக் கண்ணாடி போடாமல் பார்த்தால் எப்படி இருக்குமோ அப்படித்தான் இருந்தது. முன்னால் நிற்கிறவரின் முகம் தெளிவு. பின்னால் இருக்கும் கட்டடத்தில் சிவப்பு ஒரு பக்கம், நீலம் ஒரு பக்கம் பிசகி நின்றது. பின்னணியைக் காட்ட மற்ற படங்களில் கேமரா மங்கலாக்கும். இந்தப் படத்தைச் செய்தவர்கள் மங்கலாக்கவில்லை, நிறத்தை விலக்கிவிட்டார்கள். மட்டமான தாளில் அவசரமாக அச்சடித்த பழைய காமிக்ஸ் புத்தகத்தின் தவறை வேண்டுமென்றே, ஒவ்வொரு சட்டமாக உட்கார்ந்து செய்திருக்கிறார்கள். அம்மா புலம்பிய அந்தக் கழிவுத் தாளுக்கு இத்தனை கோடி செலவு.

“இல்லடா, அப்படித்தான் வரைஞ்சிருக்காங்க” என்றேன். அவன் நம்பவில்லை. இடைவேளையில் வெளியே போய்க் கண்ணாடி கேட்டுவிட்டுத்தான் வந்தான்.

எங்கள் ஊர் திருக்கனூரிலிருந்து பாண்டிக்கு 20 கிலோமீட்டருக்கு மேல். போகிற வழியில் ஒரு பெயர்ப்பலகை தமிழ்நாடு என்னும், அடுத்த வளைவில் புதுச்சேரி, இன்னும் கொஞ்சம் போனால் மறுபடி தமிழ்நாடு. பிரெஞ்சுக்காரன் விட்டுப்போன எல்லைக்கோடு அப்படி. பெட்ரோல் விலை மாறும், சாராயக்கடை வரும், மறையும், மனிதர்கள் மட்டும் மாறமாட்டார்கள். யூனியன் பிரதேசமே நான்கு துண்டு: புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம். ஒன்று மலையாளம் பேசும், ஒன்று தெலுங்கு பேசும், நான்குக்கும் ஒரே முதலமைச்சர். ஆக, பல உலகங்கள் ஒரே சமயத்தில் இருக்கின்றன, அங்கங்கே தாண்டிப் போகலாம் என்று ஒரு படம் சொன்னால் எங்கள் மண்ணாடிப்பட்டு கொம்யூன்காரனுக்கு அதை விளக்கவேண்டிய அவசியமில்லை.

கதை தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். (படம் பார்க்காமல் முடிவைத் தெரிந்துகொள்ள விரும்பாதவர்கள் அடுத்த பக்கத்தில் இருக்கும் வேறு எதையாவது படிக்கலாம்.) சிலந்தி கடித்துச் சக்தி பெற்ற பீட்டர் பார்க்கரை ஸ்டான் லீயும் ஓவியர் ஸ்டீவ் டிட்கோவும் சேர்ந்து உருவாக்கினார்கள். அவன் முதலில் வந்த ‘அமேசிங் ஃபேண்டசி’ 15ஆம் இதழின் அட்டையில் 1962 ஆகஸ்ட் என்று போட்டிருக்கும். அதே ஆகஸ்ட் 16ஆம் தேதிதான் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தது. எங்கள் பிரதிநிதிகள் 1954இல் கீழூரில் கூடி 170க்கு 8 என்று வாக்களித்துவிட்டு, பிரெஞ்சு நாடாளுமன்றம் கையெழுத்துப் போட எட்டு வருஷம் காத்திருந்தார்கள். இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. எனக்குச் சொல்லப் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான்.

இந்தப் படத்தின் நாயகன் அந்த பீட்டர் இல்லை. 2011இல் பிரையன் மைக்கேல் பெண்டிஸ் எழுத, சாரா பிசெல்லி வரைந்து வந்த மைல்ஸ் மொரேல்ஸ். புரூக்ளின் பையன்; அப்பா கறுப்பினப் போலீஸ்காரர், அம்மா போர்ட்டோ ரீக்கோ வழியில் வந்த நர்ஸ். 2018இல் வந்த முதல் படமான ‘இன்டு தி ஸ்பைடர்-வெர்ஸ்’ சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர் வாங்கியது. இரண்டாவதை ஜோகிம் டோஸ் சாண்டோஸ், கெம்ப் பவர்ஸ், ஜஸ்டின் கே. தாம்சன் மூவரும் இயக்கினார்கள். இந்தியாவில் ஒரே நேரத்தில் 10 மொழிகளில் வெளியானது, தமிழும் உண்டு.

என் வயதுக்காரர்களுக்கு ‘ஸ்பைடர்’ என்றால் இவர்கள் யாருமே இல்லை என்பதையும் சொல்லிவிடவேண்டும். 1984இல் சிவகாசியிலிருந்து லயன் காமிக்ஸ் வந்தபோது அதில் வந்த ஸ்பைடர் பிரிட்டிஷ் சரக்கு. கூரான காது, வலை வீசும் துப்பாக்கி, குற்றவாளிகளுக்கெல்லாம் ராஜாவாக வேண்டும் என்ற வெறி. அமெரிக்கச் சிலந்தி வந்து சேர்ந்தபோது, “இவன் ஏன் இவ்வளவு நல்லவனாக இருக்கிறான்?” என்று எங்களுக்குச் சந்தேகமே வந்தது. அதற்கும் முன்னால், 1972இல் முத்து காமிக்ஸின் முதல் இதழாக வந்தவர் இரும்புக்கை மாயாவி. மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்துவிடும், இரும்புக் கை மட்டும் தெரியும். கறுப்பு வெள்ளை, சாணித்தாள், பின் அடித்த முதுகு. அந்தத் தாளின் வாசனையோடு வளர்ந்தவனுக்கு இந்தப் படம் வேறு மாதிரி தெரியும். மற்ற சூப்பர்ஹீரோ படங்கள் காமிக்ஸிலிருந்து கதையை எடுத்துக்கொண்டு காகிதத்தைத் தூக்கிப் போட்டுவிடும். இவர்கள் காகிதத்தையும் எடுத்துக்கொண்டார்கள். நிழலுக்குப் பதில் புள்ளிகள், முகத்தில் சாய்கோடுகள், கத்தினால் எழுத்து பறக்கிறது, நினைத்தால் பெட்டி வந்து விழுகிறது. அந்தப் பெட்டிகளை நான் பையன் காதில் தமிழில் வாசித்துச் சொல்லப் பார்த்தேன். ஒன்றைச் சொல்லி முடிப்பதற்குள் மூன்று போய்விட்டன. கைவிட்டேன்.

அசைவிலும் ஒரு வித்தை இருக்கிறது. சினிமாவில் ஒரு நொடிக்கு 24 சட்டம். கணினி அனிமேஷனில் 24க்கும் தனித்தனி நிலை வைத்து வழுக்கிக்கொண்டு போகும்படி செய்வார்கள். முதல் படத்தில் மைல்ஸுக்கு 12 நிலைகள்தான், ஒவ்வொன்றையும் இரண்டு சட்டத்துக்குப் பிடித்து நிறுத்தினார்கள். பக்கத்தில் ஆடும் மூத்த சிலந்திக்கு 24. அதனால் புதுப்பையன் தடுமாறுகிறான் என்று யாரும் சொல்லாமலே நம் கண்ணுக்குத் தெரிந்துவிடும். இரண்டாம் படத்தில் ஹோபி என்ற பங்க் கிட்டார்க்காரன் வருகிறான். அவன் உடம்புக்கு ஒரு வேகம், கிட்டாருக்கு இன்னொரு வேகம். கிழித்த செய்தித்தாளை ஒட்டிச் செய்த ஆள் போலிருப்பான். யாருக்கும் அடங்காதவன் என்பதை வசனத்தில் வைக்காமல் தாளத்தில் வைத்திருக்கிறார்கள்.

ஆனால் நான் சொக்கிப்போனது வேறு இடத்தில். தொடக்கத்தில், இன்னொரு உலகத்துச் சிலந்திப் பெண்ணான க்வென் ஸ்டேசியின் ஊர் அருங்காட்சியகத்துக்குள் ஒரு கழுகு மனிதன் வந்து விழுகிறான். டாவின்சி காலத்து இத்தாலிய உலகத்திலிருந்து தவறி வந்தவன். உடம்பு முழுக்கப் பழுப்பேறிய காகிதம், மேலே மைக் கோடுகள், சிறகெல்லாம் வரைபடம். அவனைச் சுற்றி எல்லோரும் முழு நிறத்தில் நிற்க, அவன் மட்டும் காகிதமாகவே சண்டை போடுகிறான்.

எங்கள் ஊர் காகிதத்தில் ஆள் செய்கிற ஊர். திருக்கனூர் காகிதக் கூழ் பொம்மைக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. இங்கே பக்கத்தில் வில்லியனூர் சுடுமண் சிற்பத்துக்கும் உண்டு. பழைய காகிதத்தைக் கிழித்து ஊறப்போட்டு, இடித்துக் கூழாக்கி, சுண்ணத்தூளும் பசையும் சேர்த்துப் பிசைந்து அச்சில் அழுத்துவார்கள். முன்பாதி ஒன்று, பின்பாதி ஒன்று. இரண்டையும் ஒட்டி, வெயிலில் காயவைத்து, உப்புத்தாள் தேய்த்து, வெள்ளை அடித்து, அப்புறம்தான் வண்ணம். கண் கடைசியில். கண் எழுதாத பொம்மைகள் வரிசையாகத் திண்ணையில் காய்ந்துகொண்டிருக்கும்போது தெருவே உங்களைப் பார்க்காமல் இருப்பது போலிருக்கும். கையில் எடுத்தால் கனமே இருக்காது. கொலுவுக்கு வாங்குகிறவர்கள் இதைத்தான் முதலில் சொல்வார்கள்: “என்னங்க, காத்து மாதிரி இருக்கு?” அந்தக் கழுகு மனிதன் பறந்தபோது அந்தக் கனமின்மை தெரிந்தது. கணினிக்குள் அதை எப்படிக் கொண்டுவந்தார்களோ!

படம் முடிந்து வந்த வாரம் பையன் ஒரு பொம்மை கேட்டு வாங்கிக்கொண்டான். கால் ஒடிந்த போலீஸ்காரர், விலைபோகாதவர். அவரைச் சிலந்தியாக்க சிவப்பு அடித்து, காய்வதற்குள் நீலம் அடித்து, அதன்மேல் கறுப்பில் வலை போட்டான். எல்லாம் ஒன்றோடொன்று கசிந்துவிட்டது. நான் ஒன்றும் சொல்லவில்லை. அவனே சொன்னான்: “இது அந்த மாதிரி மாமா. வேணும்னே.”

இப்போது இந்தியச் சிலந்தியான பவித்ர் பிரபாகருக்கு வருவோம். இந்தியாவில் இந்தப் படத்துக்கு அவன்தான் விளம்பரம். பீட்டர் பார்க்கர் என்ற ஒலிக்குப் பொருத்தமாகத் தைத்த பெயர். தமிழ்க் காதுக்குப் பவித்ரா என்றால் பெண், பவித்ர் என்றால் பாதியில் நிறுத்திய பெண். 2004இல் ஷரத் தேவராஜன், சுரேஷ் சீதாராமன், ஓவியர் ஜீவன் கங் மூவரும் உருவாக்கிய நான்கு இதழ்க் காமிக்ஸிலிருந்து வந்தவன். அதில் மேரி ஜேன் மீரா ஜெயின் ஆவாள், நார்மன் ஆஸ்போர்ன் நளின் ஓபராய் ஆவார், சிலந்தி கடிக்காது, ஒரு யோகி சக்தி கொடுப்பார். பிரமாதமான காமிக்ஸ் என்று சொல்லமாட்டேன். ஆனால் அதில் ஒன்று சரியாக இருந்தது. அந்தப் பவித்ர் உதவித்தொகையில் படிக்க மும்பைக்கு வந்த கிராமத்துப் பையன். உடுப்பைப் பார்த்துக் கூடப் படிக்கிறவர்கள் சிரிப்பார்கள். எங்கள் ஊரிலிருந்து பஸ் பாஸோடு பாண்டிக் கல்லூரிக்குப் போய், முதல் மாதம் கடைசி பெஞ்சில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்த யாருக்கும் அவன் சொந்தக்காரன்.

படத்தில் அந்தப் பையனைக் காணோம். இவன் அடர்ந்த முடியைச் சிலுப்பிக்கொண்டு, மும்பட்டன் என்ற மும்பையும் மன்ஹாட்டனும் கலந்த நகரத்தில், கைக் காப்பிலிருந்து நூல் விட்டு, களரிப் பயிற்று சாயலில் சுழன்று வருகிறான். கவலையே கிடையாது. சாய் என்றாலே டீதான், அப்புறமென்ன ‘சாய் டீ’ என்று மைல்ஸைத் திட்டுகிறான், பிரிட்டிஷ்காரன் திருடிப் போனதைச் சொல்கிறான். அரங்கில் கைதட்டல். நமக்கு அது டீ, அலுவலகத்தில் தேநீர். சாய்க்கு நாம் ஏன் ரோஷப்படவேண்டும் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். வெளிநாட்டில் வளர்ந்த இந்தியனின் கோபத்தை உள்ளூர் இந்தியன் வாயில் வைத்துவிட்டார்கள்.

வசனம் கொடுக்காத மண்ணை வரைவு கொடுத்துவிடுகிறது. மும்பட்டனுக்கு மாதிரியாகப் படக்குழு எடுத்துக்கொண்டது 1964இல் மும்பையில் தொடங்கிய இந்திரஜால் காமிக்ஸை. ராணி காமிக்ஸில் நாம் முகமூடி வீரர் மாயாவி என்று படித்த ஃபேண்டம்தான் அதன் முதல் நாயகன். அந்தத் தட்டையான மஞ்சள், அந்த ஊதா நிழல், கட்டடத்தின்மேல் கட்டடமாக, பாலத்தின்மேல் பாலமாக, இடம் விடாமல் அடைத்த தெரு. சட்டத்தை நிறுத்திப் பார்த்தால் எங்கோ ஒரு மூலையில் ஒரு ஆள் சும்மா உட்கார்ந்திருப்பார். சும்மா உட்கார்ந்திருக்கிற ஆளை வரையத் தெரிந்தவனுக்கு இந்தியா தெரியும். ஆனால் அந்த நகரத்தைக் கால் மணி நேரத்துக்குள் இடித்துவிட்டுப் போய்விடுகிறார்கள்.

இடிகிற அந்த இடம்தான் படத்தின் முடிச்சு. பவித்ரின் காதலி காயத்ரி, அவள் அப்பா இன்ஸ்பெக்டர் சிங். இடிபாட்டில் அவர் சாகவேண்டும். மைல்ஸ் காப்பாற்றிவிடுகிறான். உடனே தரையில் ஓட்டை விழுகிறது, அந்த உலகமே கரையத் தொடங்குகிறது. 2099ஆம் வருஷத்துச் சிலந்தியான மிகெல் ஓஹாரா அதற்கு விளக்கம் சொல்கிறான்: ஒவ்வொரு சிலந்தியின் கதையிலும் நடந்தே தீரவேண்டிய கட்டங்கள் உண்டு. மாமாவோ சித்தப்பாவோ சாகவேண்டும். நெருக்கமான ஒரு போலீஸ் கேப்டன் சாகவேண்டும். தடுத்தால் உலகம் அழியும். மைல்ஸின் அப்பா கேப்டனாகப் போகிறார்.

இதைத் தமிழில் ஒரே சொல்லில் முடித்துவிடலாம்: விதி.

விழுப்புரம், புதுச்சேரிப் பக்கம் வளர்ந்தவர்களுக்குத் தெருக்கூத்து தெரியும். இரண்டு பேர் ஒரு துணியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். பின்னால் வேஷம் வந்து நிற்கும். முதலில் சலங்கைக் கால் தெரியும், அப்புறம் கிரீடத்தின் நுனி. திரைக்குப் பின்னாலிருந்தே, தான் யார், எந்த ஊர், யார் பிள்ளை என்று பாடுவார். திரை விலகும். எல்லோருக்கும் அவர் கர்ணன் என்று தெரியும், போன வருஷமும் அவர்தான், ஆனாலும் முழுக்கச் சொல்லித்தான் வரவேண்டும். இந்தப் படங்களில் ஒவ்வொரு சிலந்தியும் அதைத்தான் செய்கிறது. பெயர், எப்போது கடித்தது, யாரை இழந்தேன் என்று கடகடவென்று ஒப்பித்துவிட்டு ஆட்டத்துக்குள் குதிக்கிறது. அமெரிக்க விமர்சகர்கள் இதைக் காமிக்ஸைக் கிண்டல் செய்யும் உத்தி என்றார்கள். எங்களுக்கு அது திரைப்பிரவேசம்.

மிகெல் சொல்லும் விதியும் கூத்துக்காரனுக்குப் பழகியதுதான். கர்ண மோட்சத்தில் கர்ணன் போருக்குப் புறப்படுவான். மனைவி பொன்னுருவி வழிமறிப்பாள். கெட்ட கனவு கண்டிருக்கிறாள். மணிக்கணக்கில் நடக்கும் அந்தக் கட்டம், அதுதான் கூத்தின் உயிரே. அவன் போவான், சாவான். கூவாகத்தில் அரவானுக்குத் தாலி கட்டிக்கொள்கிறவர்கள் மறுநாள் அது அறுக்கப்படும் என்று தெரிந்தேதான் கட்டிக்கொள்கிறார்கள். அதனால் மிகெல் ஏதோ மிரட்டலான புது ரகசியத்தைச் சொல்வது போல் முகத்தை வைத்துக்கொண்டபோது எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வந்தது. தெரிந்த சாவை எப்படித் தாங்குவது என்பதை எங்கள் கூத்து பார்த்துக்கொள்கிறது. அந்தச் சாவு நடந்தே தீரவேண்டும் என்று முடிவு செய்தது யார் என்று இந்தப் படம் கேட்கிறது. இரண்டும் ஒரே கேள்வி இல்லை, இரண்டாவதும் நல்ல கேள்விதான்.

ஆனால் படம் அந்தக் கேள்வியை நேர்மையாக நடத்தவில்லை என்பது என் குறை. மிகெலுக்கு வாதம் போதாது. கத்துகிறான், துரத்துகிறான், நூற்றுக்கணக்கான சிலந்திகளை ஏவிவிடுகிறான். அவன் சொல்வது உண்மையாகவே இருந்துவிட்டால் என்ன என்ற பயம் ஒரு கணமாவது நமக்கு வந்திருக்கவேண்டும். வரவில்லை. தலைப்பில் பெயர் இருக்கிறவன் எப்படியும் ஜெயிப்பான் என்று டிக்கெட் வாங்கும்போதே தெரியும். துரத்தல் காட்சியில் கண்ணுக்குக் கொண்டாட்டம், மனசு கைகட்டி நிற்கிறது.

விடை வேறொரு இடத்தில், சத்தமில்லாமல் வருகிறது. க்வென் வீட்டுக்குத் திரும்புகிறாள். அவள் உலகம் நீர்வண்ணத்தில் வரைந்தது. மனசுக்குத் தக்கபடி சுவர் நிறம் மாறும், ஒழுகும். மகளே குற்றவாளி என்று நினைத்துத் துப்பாக்கி நீட்டிய போலீஸ் அப்பா ஜார்ஜ் எதிரில் நிற்கிறார். இருவரும் பேசுகிறார்கள். வேலையை விட்டுவிட்டேன் என்கிறார் அவர். அவ்வளவுதான். கேப்டன் சாகவேண்டும் என்பது விதி. இவர் இப்போது கேப்டன் இல்லை. அண்டங்களைக் காக்கும் ஒரு படையே முட்டிக்கொண்டு கிடந்த இடத்தை ஒரு ராஜினாமாக் கடிதம் தாண்டிவிட்டது. பின்சுவரில் நீலமும் சாம்பலும் கரைந்து இளஞ்சிவப்பு ஏறும் அந்த இரண்டு நிமிஷத்துக்காக இந்த 140 நிமிஷப் படத்தை இன்னொரு முறை பார்ப்பேன். பார்த்தும் விட்டேன்.

அழகின் விலையையும் எழுதவேண்டும். ஆயிரம் பேர் அளவுக்கு உழைத்த படம் இது. கடைசி நேரம்வரை காட்சிகளை மாற்றிக்கொண்டே இருந்ததால் வாரம் ஏழு நாளும், நாளுக்கு 11 மணி நேரத்துக்கு மேலும் வேலை செய்ததாகவும், தாங்கமுடியாமல் 100 பேர் அளவுக்குப் பாதியில் விலகியதாகவும் பெயர் சொல்லாத கலைஞர்கள் பேசிய செய்தி அதே 2023 ஜூனில் அமெரிக்கப் பத்திரிகையில் வந்தது. முடித்த காட்சியைத் திரும்பத் திரும்பக் கலைத்துச் செய்யச் சொன்னால் என்ன ஆகும் என்பது, கண் எழுதிய பொம்மையைச் சுரண்டி மறுபடி வெள்ளை அடித்தவர்களுக்குத் தெரியும். அடுத்த பாகத்தை 2024 மார்ச்சில் வெளியிடுவதாகத்தான் முதலில் அறிவித்தார்கள். தள்ளிப்போனது. மைல்ஸ் தவறான உலகத்தில் இறங்கி, கெட்டவனாகிவிட்ட தன்னையே எதிரில் பார்த்து நிற்கும் இடத்தில் ‘தொடரும்’ போட்டுவிட்டார்கள். தீபாவளி மலரில் பாதிக் கதையைப் போட்டு மீதியைப் பொங்கல் மலரில் போடுவதுண்டு. பொங்கல் எப்போது என்று சொல்லிவிடுவார்கள்.

படத்தைப் பற்றி வந்ததில் பையனுக்குப் பிடித்துப்போன ஒரு செய்தியும் இருந்தது. படத்தில் லெகோ பொம்மைகளாலான ஒரு உலகம் சில நொடிகள் வரும். அதைச் செய்தவன் கனடாவின் டொராண்டோவைச் சேர்ந்த 14 வயதுப் பையன். பட முன்னோட்டத்தை வீட்டுக் கணினியில், இலவசமாகக் கிடைக்கும் பிளெண்டர் மென்பொருளில், லெகோவாகச் செய்து இணையத்தில் போட்டான். பார்த்துவிட்டுப் படக்குழு கூப்பிட்டுவிட்டது. இதைப் பையனிடம் சொன்னதிலிருந்து என் அக்காவுக்கு நிம்மதி இல்லை. வீட்டில் கணினி வேண்டுமாம். இப்போதைக்குக் கசிந்த சிலந்தி டிவி மேல் நிற்கிறது, ஒடிந்த காலுக்குத் தீக்குச்சி முட்டுக்கொடுத்து. கண் இன்னும் எழுதவில்லை. அடுத்த பாகம் வந்ததும் எழுதுவானாம்.

அந்த ஆடியில் பக்கத்து ஊரில் கர்ண மோட்சம் வைத்தார்கள். பையனைக் கூட்டிப்போனேன். மத்தளமும் ஆர்மோனியமும் தொடங்கும்வரை உற்சாகமாக இருந்தான். கட்டியங்காரன் செல்போனைப் பற்றி அடித்த நகைச்சுவைக்கு விழுந்து விழுந்து சிரித்தான். திரை பிடித்ததும் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினான், தெரியும் என்பது போல. இரண்டு மணிக்கு என் மடியில் சாய்ந்துவிட்டான். பொன்னுருவி வழிமறித்து ஒரு மணி நேரம் ஆகியிருக்கும், பனி இறங்கி எதிரில் பெண்கள் முந்தானையைத் தலைக்குப் போட்டுக்கொண்டார்கள். அவன் ஒரு கண்ணை மட்டும் திறந்தான்.

“செத்துட்டாரா மாமா?”

“இன்னும் இல்லடா. அந்தம்மா விடமாட்டேங்குது.”

“சரி. வுட்டாங்கன்னா எழுப்பு” என்று திரும்பிப் படுத்துக்கொண்டான்.